பழைய ஆய்வேட்டின் பிடிஎஃப்-ஐக் கொடுத்தால் ஏஐ இல்லாத மேற்கோளைத் தருகிறது. கோளாறு எங்கே? [தீர்ந்தது]

நெய்தல்நிலம்:

வணக்கம். தமிழ்த்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், மூன்றாம் ஆண்டு. கடலோர மக்களின் தொழிற்சொற்கள்தான் தலைப்பு. எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் மின்களஞ்சியத்தில் 2004-ல் ஏற்கப்பட்ட ஓர் ஆய்வேடு கிடைத்தது. என் தலைப்புக்கு மிக நெருக்கமானது. ஐந்து இயல்கள், இயலுக்கு ஒரு பிடிஎஃப். மொத்தம் 300 பக்கங்களுக்கு மேல்.

நேரம் இல்லாமல் ஐந்தையும் ஓர் ஏஐ உதவியாளரிடம் ஏற்றி, "கரைவலை பற்றி இதில் எங்கே, என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேட்டேன். (கரைவலை என்பது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை.) பக்க எண்ணோடு ஒரு நல்ல பத்தியை மேற்கோளாகத் தந்தது. அதை அப்படியே என் இரண்டாம் இயலில் சேர்த்து அடிக்குறிப்பும் போட்டுவிட்டேன்.

போன வாரம் என் நெறியாளர் நூலகத்துக்குப் போய் அச்சுப் பிரதியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். அங்கே மீன்பெயர்ப் பட்டியல்தான் இருக்கிறது. அந்தப் பத்தி ஆய்வேட்டில் எங்கேயுமே இல்லை. மேடம் திட்டவில்லை. "இதை நீ படிச்சியா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அதன் பிறகு அதே கேள்வியை மூன்று முறை கேட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் வெவ்வேறு பக்க எண். பிடிஎஃப்-ஐத் திறந்து "கரைவலை" என்று தேடினால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்கிறது. ஆனால் திரையில் அந்தச் சொல் என் கண்ணெதிரே தெரிகிறது! கோப்பில் கோளாறா, ஏஐ-யில் கோளாறா, நான் கேட்ட விதத்தில் கோளாறா? ஆறு வாரத்தில் இயலை ஒப்படைக்க வேண்டும். யாராவது வழிகாட்டுங்கள்.

அலமாரி:

கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. நான் பல்கலைக்கழக நூலகத்தில் மின்வளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இதே சிக்கலோடு மாதம் இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள்.

முதலில் ஒரு சோதனை. பிடிஎஃப்-இல் "தமிழ்" என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். என்ன வருகிறது? அப்புறம், அடோபி ரீடரில் கன்ட்ரோல் விசையோடு டி-யை அழுத்தினால் கோப்பின் பண்புகள் திறக்கும். அதில் எழுத்துருக்கள் என்ற பகுதியில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன? ஐந்து கோப்புகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று போல மற்றொன்று இருக்க வேண்டும் என்பதில்லை.

நெய்தல்நிலம்:

செய்து பார்த்தேன் ஐயா. "தமிழ்" என்று ஒட்டினால் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி, இவ்வளவுதான் வருகிறது. எழுத்துருப் பட்டியலில் பாமினி என்றும் டைம்ஸ் நியூ ரோமன் என்றும் இருக்கிறது. இயல் 1, 2, 3, 5 நான்கும் இப்படித்தான். நான்காம் இயலில் எழுத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை. முழுப்பக்கமும் ஒரே படமாக நீலமாகிறது. எழுத்துருப் பட்டியலும் காலி.

அலமாரி:

சரி, நோய் தெரிந்துவிட்டது.

பாமினி என்பது, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறி தரும் யூனிகோடு முறைக்கு முந்தைய காலத்து எழுத்துரு. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். ஜே என்ற இடத்தில் "த" என்ற படம், கே என்ற இடத்தில் "ம" என்ற படம். திரையிலும் அச்சிலும் தமிழாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பது ஆங்கிலக் குறிகள்தான். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறிமுறையையும் தரமாக அறிவித்தது. அதற்கு முன்னால் தட்டச்சான ஆய்வேடுகளில் பெரும்பகுதி பாமினி, டாம், டாப், டிஸ்கி என்று ஏதோ ஒரு பழைய குறிமுறையில்தான் இருக்கும். அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் தட்டச்சு நிலையங்களில் பாமினிதான் ஓடியது.

இனி ஏஐ பக்கம். நீளமான பிடிஎஃப் கொடுத்தால் பல கருவிகள் அதிலுள்ள எழுத்தை உருவியெடுத்து, துண்டு துண்டாக நறுக்கி, உங்கள் கேள்விக்கு நெருக்கமான சில துண்டுகளை மட்டும் எடுத்து ஏஐ மாதிரியின் முன்னால் வைக்கும். "கரைவலை" என்ற கேள்விக்கு நெருக்கமான துண்டு அந்தக் குறிக் குப்பையில் எது? எதுவுமே இல்லை. சில கருவிகள் பக்கத்தைப் படமாகவும் பார்க்கும். ஆனால் 300 பக்கத்துக்கும் அப்படிச் செய்யும் என்று நம்பி இருக்க முடியாது. நீங்கள் இட்ட கோப்புப் பெயரும் உங்கள் கேள்வியும்தான் அதற்குப் புரிகிற தமிழாக இருந்திருக்கும். அதை வைத்து, இப்படியொரு ஆய்வேட்டில் இப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று ஒரு பத்தியைக் கோத்துக் கொடுத்திருக்கிறது. "இந்தக் கோப்பை என்னால் படிக்க முடியவில்லை" என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தத் தலைகுனிவு வந்திருக்காது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நான்காம் இயல் ஸ்கேன் செய்த படம். அதற்கு வைத்தியம் வேறு.

எழுத்துருச்சாமி:

நூலகர் ஐயா சொன்னது அத்தனையும் சரி. வைத்தியத்தை நான் சொல்கிறேன், கொஞ்ச காலம் பதிப்பகத்தில் இதே வேலை பார்த்திருக்கிறேன்.

பாமினி கோப்புகளுக்கு ஓசிஆர், அதாவது படத்தைப் பார்த்து எழுத்தை அடையாளம் காணும் முறை, வேண்டாம். ஓசிஆர் என்பது ஊகம். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது ஊகமில்லை, குறிக்குக் குறி அட்டவணை. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மாற்றி மென்பொருள் போதும். பைத்தான் தெரிந்தால் ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பிலும் பாமினி மாற்றி இருக்கிறது.

ஒரே ஒரு பள்ளம். ஆய்வேட்டில் இடையிடையே ஆங்கிலச் சொல் வரும் அல்லவா? மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது. எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். வலையைக் குறிக்கும் "நெட்" என்ற ஆங்கிலச் சொல் "நெவ" என்று மாறி நிற்கும். உங்கள் ஆய்வேடு சொற்களைப் பற்றியது என்பதால் இது ரொம்ப ஆபத்து. இல்லாத ஒரு வட்டாரச் சொல்லை நீங்கள் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்க இடமுண்டு!

இதற்கு வழி இருக்கிறது. பிடிஎஃப்-இல் ஒவ்வொரு துணுக்குக்கும் எந்த எழுத்துரு என்ற தகவல் உள்ளே இருக்கும். பைமுபிடிஎஃப் என்ற பைத்தான் தொகுப்பு அதைத் தனியே எடுத்துத் தரும். பாமினி என்று இருக்கும் துணுக்குகளை மட்டும் மாற்றி, டைம்ஸ் நியூ ரோமனை அப்படியே விட்டுவிடுங்கள். இருபது முப்பது வரி நிரல்தான். கணினித்துறையில் யாராவது நண்பர் இருந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

நான்காம் இயலுக்கு ஓசிஆர்-மை-பிடிஎஃப் என்ற மென்பொருள். அதன் அடியில் ஓடுவது டெசராக்ட் என்ற ஓசிஆர் நிரல். மொழியில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் கொடுங்கள். ஸ்கேன் மங்கலாக இருந்தால் நூலகத்தில் கேட்டு அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் மறுபடி ஸ்கேன் செய்து வாங்குங்கள். மங்கலான படத்தில் "ர"வும் துணைக்காலும் குழம்பிக்கொண்டே இருக்கும்.

வடமராட்சி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் பாமினிதான் நெடுங்காலம் அரசாண்டது, அலுவலகக் கடிதம் முதல் கல்யாண அழைப்பிதழ் வரைக்கும். ஆகவே இந்தத் தலையிடி எங்களுக்கும் பழக்கம்.

மேலே சொன்னவை எல்லாம் நல்ல ஆலோசனை. நான் ஒன்றைச் சேர்க்கிறேன். ஓசிஆர் முடிந்ததும் பிழை திருத்தச் சொல்லி ஏஐ-யிடம் கொடுக்கும் பழக்கம் இப்போது பலரிடம் இருக்கிறது. செய்தித்தாள் கட்டுரைக்கு அது சரி. வட்டாரச் சொல் நிறைந்த ஆய்வேட்டுக்கு தயவு செய்து வேண்டாம். மீனவர் பேச்சில் "நீவாடு" என்பது நீரோட்டம். ஏஐ-க்கு அது பழக்கமில்லாத சொல் என்றால் எழுத்துப்பிழை என்று எண்ணி "நீராடு" என்று மாற்றிவிடக்கூடும். உங்களுக்குத் தேவையான சொல்லே மறைந்துவிடும், மறைந்தது உங்களுக்குத் தெரியவும் வராது.

நெய்தல்நிலம், நீங்கள் மூலக் கோப்பு, மாற்றிய கோப்பு, திருத்திய கோப்பு என்று மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்நிலம்:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் ஆனது. விடுதியில் இருக்கும் எம்சிஏ படிக்கும் தங்கை ஒருத்தி எழுத்துரு பிரிக்கும் நிரலை எழுதிக் கொடுத்தாள். நான்கு இயல்களும் இப்போது சுத்தமான யூனிகோடு. "கரைவலை" என்று தேடினேன், 41 இடங்கள்! அந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

மாற்றிய கோப்பை ஏஐ-யிடம் கொடுத்து அதே கேள்வியைக் கேட்டேன். இந்த முறை அது தந்த மேற்கோள்கள் கோப்பில் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தேடிச் சரிபார்த்தேன். ஆனால் ஒரு புதுக் குழப்பம். காற்றுகளைப் பற்றிய பகுதியைச் சுருக்கித் தரச் சொன்னால், "மீனவர்கள் கடலுக்குப் போகும்போது கச்சான் என்னும் நிலக்கடலையை எடுத்துச் செல்வர்" என்று எழுதுகிறது. மூலத்தில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று வரிசையாக இருக்கிறது. கடலை எங்கிருந்து வந்தது?

வடமராட்சி:

அது எங்கள் ஊரிலிருந்துதான் வந்தது! இலங்கையில் நிலக்கடலையைக் கச்சான் என்போம். கோயில் திருவிழாவில் கச்சான் கடை இல்லாமல் திருவிழாவே இல்லை. மேற்கே இருந்து அடிக்கும் காற்றும் கச்சான்தான், இரண்டும் இங்கே வழக்கில் உண்டு. இணையத்தில் இருக்கும் எழுத்தில் கடலைதான் அதிகம் அகப்பட்டிருக்கும், அதனால் அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். வாடை, கொண்டல், சோழகம் மூன்றும் பக்கத்திலேயே நிற்கும்போது அதைக் கவனித்திருக்க வேண்டும்.

இப்படியான சொற்களுக்கு "நூலகம்" என்ற பெயருடைய இணைய மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி இலவசமாக வைத்திருக்கிறார்கள். இரண்டு கரை வழக்கையும் ஒப்பிட உங்களுக்கு நல்ல பொருள் கிடைக்கும்.

அலமாரி:

கோப்பு சரியானால் இல்லாத மேற்கோள் பெரும்பாலும் குறையும். பொருள் பிழை அப்போதும் வரும். சுருக்கத்தை வழிகாட்டிப் பலகையாக மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தை நீங்களே படியுங்கள்.

பக்க எண் விஷயம் ஒன்று. பிடிஎஃப்-இல் 12-ஆம் பக்கம் என்பது அச்சில் 87 ஆக இருக்கலாம், ஏனென்றால் இயலுக்கு ஒரு கோப்பு. அடிக்குறிப்பில் அச்சுப் பக்க எண்ணையே போடுங்கள். நிரலில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கும் எண்ணையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக. திறந்த களஞ்சியத்தில் உள்ள ஆய்வேட்டைப் பற்றித்தான் இவ்வளவும் பேசினோம். ஒன்றிய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் வழியாக இப்போது பெரிய பதிப்பகங்களின் இதழ்கள் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைக்கின்றன அல்லவா, அந்தக் கட்டுரைகளை வெளியே உள்ள ஏஐ-யில் ஏற்றுவதைப் பல பதிப்பகங்களின் உரிமம் கட்டுப்படுத்துகிறது. உங்கள் நூலகரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். மாற்றிய அந்த நான்கு கோப்புகளையும் உங்கள் நூலகத்துக்குக் கொடுங்கள். களஞ்சியம் டிஸ்பேஸ் மென்பொருளில் ஓடுகிறது என்றால், ஒவ்வொரு பிடிஎஃப்-க்கும் பின்னால் தேடலுக்கென்று ஓர் எழுத்துக்கோப்பு இருக்கும். இப்போது அதில் பாமினிக் குப்பைதான் கிடக்கும். மூலப் பிடிஎஃப்-ஐத் தொடாமல் அந்த எழுத்துக்கோப்பை மட்டும் மாற்றிவிடலாம். அடுத்து "கரைவலை" என்று தேடுகிறவருக்கு இந்த ஆய்வேடு தானாகவே அகப்படும். இருபது ஆண்டுக்கு முன் ஒருவர் கடற்கரை கடற்கரையாக அலைந்து சேகரித்த சொற்கள், தேடினால் கிடைக்காமல் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நெய்தல்நிலம்:

இன்று காலை நூலகத்தில் பேசிவிட்டேன் ஐயா. டிஸ்பேஸ்தான். மின்வளப் பிரிவில் இருக்கும் அக்கா கோப்புகளை வாங்கிக்கொண்டார். இதே எழுத்துருவில் இன்னும் எத்தனை ஆய்வேடுகள் இருக்கின்றன என்று எண்ணப் போவதாகச் சொன்னார். அந்த நிரலையும் கேட்டார், தங்கையிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் இயலில் அந்தப் பத்தியை நீக்கி, உண்மையான பகுதியை அச்சுப் பிரதியிலிருந்து கையால் எழுதிச் சேர்த்தேன். நடந்ததை மேடத்திடம் முழுவதும் சொன்னேன். ஆய்வேட்டை எடுத்து 41 இடங்களையும் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

நான்காம் இயல் இன்னும் பாக்கி. ஓசிஆர் ஓரளவு நன்றாக வந்திருக்கிறது, ஆனால் வலை உறுப்புகளின் பட்டியலில் 17 சொற்கள் சந்தேகம். அவற்றை மட்டும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட நாளை மதியம் குறிப்புதவிப் பிரிவில் இடம் கேட்டிருக்கிறேன். அதில் ஏதாவது சொல் அச்சிலும் தெளிவாக இல்லை என்றால் வடமராட்சி ஐயாவுக்கு எழுதுகிறேன்.

வடமராட்சி:

ஓம், எழுதுங்கள். பருத்தித்துறையில் கரைவலை இழுத்த பெரியவர் ஒருவரைத் தெரியும், அவரிடமே கேட்டுச் சொல்கிறேன்.