1921 பின்னி மில் ஸ்ட்ரைக்: ஆதிதிராவிடத் தொழிலாளர் பக்கத்தை ஏன் யாரும் பேசுறதில்ல?

நூல்கண்டு:
மே தினத்துக்கு ஒரு கட்டுரை எழுதணும்னு சென்னை தொழிற்சங்க வரலாறு படிச்சிட்டிருக்கேன். 1918 ஏப்ரல்ல பெரம்பூர்ல சென்னை தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சது, வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு இவங்க கதையெல்லாம் விரிவா கிடைக்குது. ஆனா பெரம்பூர் பின்னி துணி மில்லுல நடந்த 1921 ஸ்ட்ரைக்னு வந்தா மட்டும் "ஆதிதிராவிடர்கள் வேலைக்குத் திரும்பிட்டாங்க, ஸ்ட்ரைக் தோத்துடுச்சு"ன்னு ஒரே வரியில தாண்டிப் போயிடுறாங்க. ஏன் திரும்பினாங்க, அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சு?

புளியந்தோப்புக்காரன்:
நல்ல கேள்வி, எங்க ஏரியா கேள்வியும் கூட. முதல்ல அவங்க நிலைமைய பாருங்க, ஊர்ல பண்ணையாளா கிடந்த வாழ்க்கைய விட்டுட்டு வந்து மில்லுல சேர்ந்தவங்க நிறைய பேர், திரும்பிப் போக நிலமும் கிடையாது, 1920 கடைசியிலதான் கதவடைப்பு, போலீஸ் துப்பாக்கிச்சூடுன்னு ஒரு பெரிய அடி வாங்கியிருந்தாங்க, ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்ட்ரைக்னா அடுப்பு எரியணும்ல? அப்ப நீதிக்கட்சியில இருந்த ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜாவும் வேலைக்குப் போங்கன்னுதான் சொன்னார். அதுக்குக் கிடைச்ச பதில் என்ன தெரியுமா, ஸ்ட்ரைக் பண்ணின ஜாதி இந்துக்கள் தரப்பு புளியந்தோப்பு சேரியில குடிசைகளைக் கொளுத்தினாங்க. மாசக்கணக்கா கலவரம், மறுபடி துப்பாக்கிச்சூடு. நீதிக்கட்சித் தலைவர் தியாகராய செட்டியாரே ஆதிதிராவிடர்களை நகரத்தை விட்டே வெளியேத்தணும்னு சொன்னார், கொளுத்தினவங்கள இல்ல, குடிசை எரிஞ்சவங்கள! எனக்கு இன்னைக்கும் ஆறாத விஷயம் இது. 1923ல ராஜா அந்தக் கட்சிய விட்டே வெளிய வந்தார்.

செங்கொடி_வடசென்னை:
எல்லாம் சரி தோழர், ஆனா கம்பெனியும் வெள்ளைக்கார அரசாங்கமும் இந்தப் பிளவை நல்லா பயன்படுத்திக்கிச்சே, அக்டோபர்ல ஸ்ட்ரைக் முறிஞ்சதும் சங்கம் பலமிழந்து போச்சே, அதை எப்படி விட முடியும்?

புளியந்தோப்புக்காரன்:
விட வேண்டாம், பயன்படுத்தினாங்கதான், அதையும் எழுதுங்க. ஆனா பிளவு கம்பெனி உண்டாக்கினது இல்லையே, மில் கேட்டுக்கு வெளிய ஊர் வேற சேரி வேறன்னு ஏற்கனவே இருந்துச்சு. அந்த ஜாதியைப் பத்தி பேசாம எல்லாரும் தொழிலாளின்னு சொல்லி ஒத்துமைய எதிர்பார்த்தா, இல்லாதவன் மேலதான் முழு பாரமும் விழும்.

தேவிகுளம் பொண்ணு:
இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2015 செப்டம்பர்ல மூணாறு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிற எங்க அம்மா, அத்தைமார்லாம் 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டுல உக்காந்தாங்க, பெரும்பாலும் தமிழ் பேசுற தலித் பொம்பளைங்க, நாள் கூலி அப்ப 232 ரூபாய். கம்பெனிய மட்டும் இல்ல, அத்தனை தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்ட வராதேன்னு விரட்டினாங்க. வருசா வருசம் சந்தா கட்டினவங்க அவங்க, ஆனா பேச்சுவார்த்தை மேசையில ஒருத்தி கூட உக்காந்ததில்ல. ஒன்பது நாள்ல போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் வாங்கிட்டுதான் எழுந்தாங்க. அந்தப் போராட்டத்துக்கு பொம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமைன்னு பேர். கட்டுரையில இதையும் சேருங்க.

நூல்கண்டு:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, கட்டுரைய 1918ல ஆரம்பிக்காம புளியந்தோப்புல ஆரம்பிக்கப் போறேன். அந்தக் காலத்து மூல ஆவணம் எங்க பாக்கலாம்?

புளியந்தோப்புக்காரன்:
எழும்பூர் ஆவணக் காப்பகம் போங்க, 1921 சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளைக் கேளுங்க, ராஜா பேசினதைத் தேடிப் படிங்க. ஒரு நாள் போதாது, நேரம் ஒதுக்கிட்டுப் போங்க.