பழைய ஜீப்பை நெடுஞ்சாலை வேகத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

பெருந்துறையிலிருந்து கேள்வி:
அப்பாரு தோட்ட வேலைக்கென்று வாங்கிய மகிந்திரா சிஜே 3பி பெட்ரோல் ஜீப், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் சளைக்காமல் ஏறிவிடுகிறது. ஆனால் சேலம்–கோவை நெடுஞ்சாலையில் 70 கிலோமீட்டரைத் தொட்டதும் எஞ்சின் அலறுகிறது. எஞ்சினை மாற்றாமல் வேகத்தைக் கூட்ட வழியுண்டா?

கோவையிலிருந்து மறுமொழி:
குறை எஞ்சினில் இல்லைங்க. மூன்றாவது கியரே கடைசி, அதுவும் நேரடி கியர், அதாவது எஞ்சின் சுற்று குறையாமல் அப்படியே ஆக்சிலுக்குப் போகும். ஆக்சில் விகிதம் 5.38 என்றால், சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் ஐந்து முறைக்கு மேல் சுற்றியாக வேண்டும். 6.00–16 அளவு டயரில் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஏறத்தாழ 75 கிலோமீட்டர்தான் கிடைக்கும். ஆக்சிலுக்குள் அந்த விகிதத்தைத் தீர்மானிக்கும் கிரௌன்–பினியன் பற்சக்கர இணையை 4.88 விகிதத்துக்கு மாற்றினால் அதே சுற்றில் 83 வரை போகலாம். முன், பின் இரண்டு ஆக்சில்களிலும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையெனில் நான்கு சக்கர இயக்கத்தில் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

கோபியிலிருந்து மறுமொழி:
எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம் பொருத்தும் ஓவர்டிரைவ் என்னும் கூடுதல் கியர், அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைச் சுமார் கால்பங்கு குறைக்கும். மலை ஏறும்போது அதை விடுவித்துக்கொள்ளலாம் என்பதால் என் ஓட்டு அதற்கே, கிடைப்பதுதான் அரிது. பெரிய டயர் மலிவான வழிதான், ஆனால் பிரேக்கின் பிடியைக் குறைக்கும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் 80-க்கு மேல் போக எனக்குத் துணிவில்லை.

கேட்டவர்:
நன்றிங்க. முதலில் பிரேக்கைச் சரிபார்த்துவிட்டு, விகிதத்தை அறிய ஆக்சில் பற்களை எண்ணிப் பார்க்கிறேன்.