ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் எந்தத் தேதி?

அல்சூர்வாசி:
நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "தேதிக் கணக்கு பத்து வரி நிரல் வேலை. அதற்கு லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல், தேடுபவன் புரோகிராமரே அல்ல." ஐயா, ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் எந்தத் தேதி? அதை மட்டும் சொல்லுங்கள்.

பத்துவரியான்:
பிப்ரவரி 28. லீப் வருடமானால் 29. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

அல்சூர்வாசி:
ஜாவா மொழியில் எழுதிய நிரல் அப்படிச் சொல்லும். பிஎச்பி மொழியில் லீப் இல்லாத வருடம் மார்ச் 3 வரும். சரி, உங்கள் 28-உடனேயே இன்னொரு மாதம் கூட்டுங்கள். ஜாவாவில் மார்ச் 28. ஜனவரி 31-உடன் நேராக இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31. நடுவே மூன்று நாளை யார் விழுங்கியது? தவணைத் தேதி இப்படி நழுவி, வாடிக்கையாளரிடம் நான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஜெயநகர் மாமி:
மாதம் என்றால் 30 நாளா, காலண்டர் மாதமா? அதை முடிவு செய்துகொண்டு சண்டை போடுங்களேன்.

பத்துவரியான்:
தெரியும் மாமி. 28-தான். எக்செல்லும் அதைத்தான் சொல்கிறது.

ஒயிட்ஃபீல்டு தம்பி:
எக்செல்லா சாட்சி? 1900 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாளுக்கு 60-ஆம் நாள் என்று எண் கொடுத்து வைத்திருக்கிறதே! லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளின் பிழை. அதோடு ஒத்துப்போகத் தெரிந்தே எடுத்துக்கொண்டார்கள். நூற்றாண்டு வருடம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப்.

அல்சூர்வாசி:
1900-ஐ யார் கேட்டது? ஜனவரி 31.

பத்துவரியான்:
28. நேர மண்டல விவாதத்தில் வாயடைத்துப் போன கோபம் உமக்கு இன்னும் ஆறவில்லை.

அல்சூர்வாசி:
வாயடைத்தது யார் என்று பழைய இழையில் போய்ப் படியும். பத்து வரி எழுதுபவர் யூனிக்ஸ் கணினியில், காலண்டர் காட்டும் கட்டளையான 'கால் 9 1752' (1752 செப்டம்பர்) என்று தட்டிப் பார்த்ததுண்டா? செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14.

ஒயிட்ஃபீல்டு தம்பி:
அது ஆங்கிலேயர் பழைய ஜூலியன் காலண்டரை விட்டு கிரிகோரியனுக்கு மாறிய கணக்கு அண்ணா. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் முன்பே மாறியவர்கள். 1700 முதல் 1752 வரை ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டைக்கும் அவர்களுக்கும் 11 நாள் வித்தியாசம்.

அல்சூர்வாசி:
தம்பி, நீ யார் பக்கம்?

ஜெயநகர் மாமி:
நம் ஆனிக்கு 32 நாளும் உண்டு, மார்கழிக்கு 29-உம் உண்டு. சூரியன் ராசி மாறினால் மாதம் பிறந்துவிடும். இந்த ரகளையே கிடையாது.

ராஜாஜிநகர் சாமி:
பழைய சூத்திரத்தில் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படியா, வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய திருக்கணிதப்படியா?

ஜெயநகர் மாமி:
எங்கள் வீட்டில் எப்போதும் வாக்கியம்தான்.

ராஜாஜிநகர் சாமி:
அதனால்தான் கேட்டேன். கிரகணத்துக்கு மட்டும் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறீர்கள்?

பத்துவரியான்:
28.

அல்சூர்வாசி:
மார்ச் 28-ஆ, 31-ஆ? வாயைத் திறக்கிறாரா பாருங்கள்!

ஜெயநகர் மாமி:
சாமி, கிரகணத்தை ஏன் இழுக்கிறீர்கள்? தைரியம் இருந்தால் தனி இழை திறங்கள், வருகிறேன்.