ஒலி மாற்றமா, மடைமாற்றா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்

அனுப்புநர்: காவிரிக்கரை
செவ்வாய், இரவு 10:20

எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு டிவி நிறுவனத்தின் உதவிப் பக்கங்களைத் தமிழில் தந்துகொண்டிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம்தராது. மற்றதெல்லாம் முடிந்தது, ஒரே ஒரு பக்கம் கழுத்தைப் பிடிக்கிறது. டிவியின் சத்தத்தை சவுண்ட்பாரிலிருந்து ஒயர்லெஸ் ஹெட்போனுக்கு மாற்றுவது, பிறகு சவுண்ட்பாருக்கே திருப்புவது, இடையில் வரும் கோளாறுகள். அந்த 'மாற்றுவது' என்ற வேலைக்கு ஒரு பெயர் வேண்டும். மெனுவில் பொத்தானாகவும் வரும், பக்கத்தில் 14 இடத்திலும் வரும்.

'ஒலி மாற்றம்' என்று எழுதினேன். சரிபார்ப்பவர் சிவப்பில் வட்டமிட்டு, 'கன்னடத்தில் பகரம் ஹகரமான கதையா சொல்லப்போகிறீர்கள்?' என்று கேட்டுவிட்டார். மொழியியல்காரர்கள் அந்தச் சொல்லை முன்பே பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள். 'ஒலிபெயர்ப்பு' என்றால் இன்னும் மோசம், அது எழுத்துப்பெயர்ப்பின் தம்பி.

இது எனக்கு வீட்டுப் பிரச்சினையும்கூட. மாமனாருக்குக் காது மந்தம். அவர் ஹெட்போன் போட்டால் சவுண்ட்பார் ஊமையாகிவிடுகிறது. கழற்றி வைத்தால் சத்தம் சவுண்ட்பாருக்குப் போகாமல் டிவியின் முதுகிலிருந்து கீச்கீச்சென்று வருகிறது. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் சொல்லும் வேண்டும், முடிந்தால் வைத்தியமும் வேண்டும்.

---

அனுப்புநர்: பழைய வானொலி
புதன், காலை 5:05

அம்மையீர்,

கேள்வி கேட்கும்போதே பல பிறமொழிச் சொற்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டீர்கள். முதலில் அவற்றைப் பார்ப்போம்.

சவுண்ட்பார்: ஒலிக்கோல். நீண்டு மெலிந்து கிடப்பது கோல்தானே? ஹெட்போன்: செவிமடுப்பி. ஒயர்லெஸ்: கம்பியிலி.

இனி உங்கள் வினை. வயலில் ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததைத் திறக்கிறோம். அதற்கு மடைமாற்றுதல் என்று பெயர். 'நிதியை மடைமாற்றிவிட்டார்கள்' என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. ஆகவே புதுச்சொல் வேண்டியதில்லை, ஒலி மடைமாற்று என்றால் போதும்.

இதில் ஓர் ஆழம் இருக்கிறது. மடு, மடுத்தல், மடை மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. மடுத்தல் என்றால் உட்கொள்ளுதல், நிறைத்தல். நீர் நிறைந்து நிற்பது மடு. நீரை உள்ளே விடுவது மடை. ஒலியைக் காதில் வாங்குவது செவிமடுத்தல். ஆகச் செவி ஒரு வயல், ஒலி ஒரு நீர், அதைத் திறந்துவிடும் வாய் மடை! டிவி பிறப்பதற்கு முன்பே மொழி இந்தப் பொறியை வரைந்து வைத்துவிட்டது. மடைப்பள்ளியில் உள்ள மடை சோறு என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

---

அனுப்புநர்: குறுக்குசால்
புதன், காலை 7:40

ஈண்டு நோக்கினேன் ஐயா. பொத்தானை அழுத்தினால் புளியோதரை வருமா?

கம்பியிலிக்கும் ஒரு சிறு கல். நம் தாத்தாக்கள் 'கம்பியில்லாத் தந்தி' என்றார்கள். தந்தி என்பதே நரம்பு, கம்பி. ஆகக் கம்பியில்லாக் கம்பி. நூறு ஆண்டு அதை வைத்துக் குடும்பம் நடத்திவிட்டோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சொல் தப்பாக இருந்தாலும் தந்தி போய்ச் சேர்ந்தது.

---

அனுப்புநர்: ஐடிஐ வாத்தியார்
புதன், மதியம் 1:15

அம்மா, வைத்தியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல் அதிலிருந்து தானாக வரும் என்பது என் அனுபவம்.

சவுண்ட்பார் பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. வடத்தில் ஏ.ஆர்.சி. வழியாக இணைந்திருக்கும். டிவிக்குள் படமும் ஒலியும் வருகிற அதே இணைப்பில் ஒலியை மட்டும் வெளியே திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. 2009-இல் எச்.டி.எம்.ஐ. 1.4 உடன் வந்தது. அதன் அண்ணன் இ-ஏ.ஆர்.சி. 2017-இல் 2.1 உடன் வந்தது. மாமனாரின் ஹெட்போன் புளூடூத். பல டிவிகளில் ஒலி வெளியேற ஒரு நேரத்தில் ஒரு வழிதான். புளூடூத் இணைந்ததும் டிவி ஏ.ஆர்.சி.யை ஊமையாக்கிவிடும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சில டிவிகளில் இரண்டையும் சேர்த்து ஓட்டும் தேர்வு தனியாக இருக்கும். இருக்கிறதா என்று ஒலி மெனுவில் பாருங்கள்.

கழற்றியதும் சத்தம் டிவியின் ஸ்பீக்கருக்குப் போவது வேறு கதை. சாதனங்கள் ஒன்றையொன்று எழுப்புவதும் அணைப்பதும் சி.இ.சி. என்ற ஏற்பாட்டால். அது அணைந்திருந்தால், அல்லது சவுண்ட்பார் தூங்கிப்போயிருந்தால், டிவிக்கு ஸ்பீக்கரைத் தவிர வேறு போக்கிடம் தெரியாது. சி.இ.சி.யை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இரண்டின் பிளக்கையும் பிடுங்கி ஓரிரு நிமிடம் விட்டு, முதலில் டிவி, பிறகு சவுண்ட்பார். பாதி கேஸ் இதிலேயே தீரும்.

மாமனாருக்கு உதட்டசைவும் பேச்சும் ஒட்டவில்லை என்றால் அதற்கும் புளூடூத்தான் காரணம். ஒலி 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்பவர் கண்டுகொள்வார் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் உள்ள அளவு. சாதாரண புளூடூத்தில் 150, 200 எல்லாம் சர்வசாதாரணம். பிந்துவதை மனிதன் அதிகம் பொறுத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு: கூத்தை 40 மீட்டர் தள்ளி நின்று பார்த்தாலே ஏறத்தாழ 120 மில்லிநொடி பிந்தித்தான் கேட்கும். முந்திக் கேட்பது இயற்கையில் கிடையாது.

இனிச் சொல். ஐயாவின் மடைமாற்று எனக்குப் பிடித்திருக்கிறது. டெல்டா மாணவர்களுக்கு 'வெளியீடு' என்றால் புத்தக வெளியீடுதான் நினைவுக்கு வரும், மடை என்றால் கால்வரை நனையும். ஆனால் மடைமாற்று என்றால் ஒன்றை அடைத்து மற்றொன்றைத் திறப்பது. இரண்டையும் திறந்துவிடும் டிவிக்கு அந்தச் சொல் பொய் சொல்லும். நம் இலக்கணத்தில் இந்த வேறுபாடு அரை மாத்திரையில் முடிந்துவிடுகிறது: 'சவுண்ட்பாரோ ஹெட்போனோ' என்றால் ஒன்று, 'சவுண்ட்பாரும் ஹெட்போனும்' என்றால் இரண்டும். ஓகாரமா எண்ணும்மையா என்பதுதான் இந்த மெனுவின் முழு விவகாரமும்.

---

அனுப்புநர்: யாழ் முற்றம்
புதன், இரவு 9:30

வணக்கம். எங்கட பக்கம் கிணத்தில இறைக்கேக்க பாத்திக்குப் பாத்தி 'தண்ணி மாறுறது' எண்டுதான் சொல்லுவம். வாய்க்கால்ல ஒராள் நிண்டு மண்வெட்டியால வெட்டி விடுவார். மடை எண்டாலும் விளங்கும், பிரச்சினை இல்லை. ஆனா ரொறன்ரோவில பிறந்த என்ர மகளுக்கு மடையும் தெரியாது, பாத்தியும் தெரியாது. 'மடையன்' மட்டும் தெரியும், அது நான் ரிமோட்டைப் பிழையா அமத்தேக்க அம்மா சொல்லுறது.

இன்னொண்டு. ஒரு சிலர் சவுண்ட்பாரை 'ஒலிப்பட்டை' எண்டு எழுதினம். அகலப்பட்டை எண்டு இன்ரநெற்றுக்குச் சொல்லுறம், அலைப்பட்டையும் இருக்கு. இதுக்குள்ள இன்னொரு பட்டையைக் கொண்டுவந்து சொருகாதேங்கோ.

---

அனுப்புநர்: குறுக்குசால்
புதன், இரவு 9:52

பட்டை என்றால் எங்கள் ஊரில் குடிக்கிற சமாச்சாரம் அண்ணா. ஒலிப்பட்டை அடித்துவிட்டுப் படம் பார்த்தால் உதட்டசைவு ஒருபோதும் ஒட்டாது.

---

அனுப்புநர்: காவிரிக்கரை
வியாழன், காலை 8:10

வாத்தியார் சொன்னபடி பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். ஹெட்போனைக் கழற்றினால் இப்போது சத்தம் சவுண்ட்பாருக்கே திரும்புகிறது! இரண்டிலும் சேர்ந்து கேட்கும் தேர்வு எங்கள் டிவியில் இல்லை. மாமனார் தனியாக ஒரு ஹெட்போன் வாங்கிவிட்டார், கூடவே அதற்கு ஒலி அனுப்பும் ஒரு சிறு பீடமும் வந்தது. பீடத்தை டிவியின் ஆப்டிகல் துளையில் (ஒலியை வெளிச்சமாக வெளியே அனுப்பும் துளை) செருகினேன், மயான அமைதி.

அதைவிடப் பெரிய தலைவலி மொழிபெயர்ப்பில். ஆப்டிகல் வெளியீட்டை 'ஒளி வெளியீடு' என்று போட்டிருந்தேன். அடுத்த வரியில் 'ஒலி வெளியீடு'. பக்கம் முழுக்க லகரமும் ளகரமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. 'ஒலி வெளியீட்டில் ஒளி வெளியீட்டைத் தேர்ந்தெடுக்கவும்.' இதைப் படித்துவிட்டு யார் டிவியைச் சரிசெய்வார்கள்? சிவப்புப் பேனாவே இரண்டு இடத்தில் தப்பவிட்டிருக்கிறது.

---

அனுப்புநர்: பழைய வானொலி
வியாழன், காலை 8:31

லகர ளகரத்தைச் சரியாக ஒலித்தால் குழப்பமே வராது. குறை சொல்லில் இல்லை, நாவில் இருக்கிறது.

---

அனுப்புநர்: ஐடிஐ வாத்தியார்
வியாழன், காலை 11:00

ஐயா, மெனுவை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. கண்ணுக்கு அது ஒரு சுழி வித்தியாசம்.

கண்ணாடியிழை என்று எழுதலாம் என்று பார்த்தேன், ஆனால் வீட்டு ஆடியோ வடங்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான் இருக்கும். முனையில் செக்கச்செவேல் என்று வெளிச்சம் தெரியும், பிள்ளைகள் 'சிவப்பு லைட் ஒயர்' என்பார்கள். அம்மா, ஆப்டிகல் என்றே விட்டுவிடுங்கள். டிவியின் முதுகில் அச்சாகியிருப்பதும் அந்தப் பெயர்தான். தாத்தா டார்ச் அடித்துத் தேடும்போது கையில் உள்ள சொல்லும் கண்ணில் படும் சொல்லும் ஒன்றாக இருக்கவேண்டும்.

அமைதிக்கு மருந்து: டிவியின் டிஜிட்டல் ஒலி அமைப்பு டால்பியில் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) இருக்கும், பி.சி.எம்.முக்கு (சுருக்காமல் அனுப்பும் முறை) மாற்றுங்கள். அந்தச் சிறு பீடங்களில் பலவற்றுக்கு டால்பியைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. ஒன்று, ஆப்டிகலில் டிவி ரிமோட்டின் சத்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் எடுபடாது, ஹெட்போனிலேயே கூட்டிக் குறைக்கவேண்டும். இதையும் பக்கத்தில் சேருங்கள், இல்லாவிட்டால் அடுத்த புகார் அதுதான்.

---

அனுப்புநர்: பழைய வானொலி
வியாழன், பிற்பகல் 3:20

சவுண்ட்பாரை விட்டோம், ஹெட்போனை விட்டோம், இப்போது ஆப்டிகலும் போயிற்று. ஊடலை என்று புளூடூத்துக்கு அழகாக ஒரு சொல் உலவியது, அதையும் ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் வேற்றுமை உருபு மட்டும்தான் தமிழாக மிஞ்சும்.

---

அனுப்புநர்: யாழ் முற்றம்
வியாழன், இரவு 7:45

ஐயா கோவிக்காதேங்கோ. 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' எண்டு தொல்காப்பியரே சொல்லிப்போட்டார். நாங்கள் ரீவி எண்டு எழுதுறம், நீங்கள் டிவி எண்டு எழுதுறியள். ரெண்டும் தமிழ் எழுத்துத்தானே, ரெண்டு வீட்டிலயும் படம் ஓடுது.

---

அனுப்புநர்: காவிரிக்கரை
வியாழன், இரவு 10:15

பி.சி.எம். வேலை செய்கிறது. மாமனார் வாத்தியாருக்கு நூறாண்டு ஆயுள் கேட்டு வேண்டிக்கொண்டார்.

இப்போது புதிய இடி. பொத்தானில் 16 எழுத்துக்கு மேல் இடமில்லையாம். 'ஒலி வெளியீட்டை மாற்று' என்பதை அனுப்பினேன், வெட்டுப்பட்டு 'ஒலி வெளியீட்டை ம' என்று நிற்கிறது. விரல்விட்டு எண்ணினால் 10 எழுத்துதானே என்று கேட்டேன். கொம்பு, விசிறி, புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது கணினி: 21. தொல்காப்பியர் கணக்கு அங்கே செல்லுபடியாகாது.

'ஒலிமடை மாற்றல்' 14-இல் அடங்குகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

---

அனுப்புநர்: பழைய வானொலி
வியாழன், இரவு 10:17

இறைவன் இருக்கிறான்.

---

அனுப்புநர்: ஐடிஐ வாத்தியார்
வெள்ளி, காலை 6:30

இரவு யோசித்தேன். நாம் பெயர்ச்சொல் தேடியதே வம்பு. டிவி அந்த இடத்தில் பயனரிடம் ஒன்றுதான் கேட்கிறது: சத்தம் எங்கே வரவேண்டும்? அதை அப்படியே கேட்டுவிட்டால் என்ன?

பொத்தான்: ஒலி எங்கே?
உள்ளே தேர்வுகள்: சவுண்ட்பாரில் / ஹெட்போனில் / இரண்டிலும்

எண்ணிப் பார்த்தேன், பொத்தானுக்கு 10 போதும். ஐயா வருத்தப்பட்ட அதே வேற்றுமை உருபுதான் இங்கே முழு வேலையையும் செய்கிறது. எண்ணும்மை வேண்டிய இடத்துக்கு 'இரண்டிலும்' இருக்கிறது. அந்த வசதி இல்லாத டிவியில் அந்த வரியை மறைத்துவிடலாம், பொத்தானின் பெயர் பொய்யாகாது. பக்கத்தில் உள்ள 14 இடத்திலும் வினையாக எழுதுங்கள்: 'ஹெட்போனைக் கழற்றிய பிறகும் சவுண்ட்பாரில் ஒலி வரவில்லை என்றால்...'

---

அனுப்புநர்: குறுக்குசால்
வெள்ளி, காலை 7:02

ஒலி எங்கே என்று நான் டிவியைக் கேட்கவேண்டியது, டிவி என்னைக் கேட்கிறதே வாத்தியாரே. சரி, என் வாக்கு இதற்கே. தூக்கம் வருகிறது.

---

அனுப்புநர்: யாழ் முற்றம்
வெள்ளி, காலை 7:20

எனக்கும் சரி. மகளுக்கு வாசிச்சுக் காட்டினன், ஒரு முறையிலயே விளங்கீட்டுது.

---

அனுப்புநர்: காவிரிக்கரை
வெள்ளி, மாலை 4:40

அனுப்பிவிட்டேன். நிறுவனத்தார் கலைச்சொல் அட்டவணையில் அந்த வினைக்கு நேராக ஒரு பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டும் என்றார்கள், அங்கே மட்டும் 'ஒலி மடைமாற்று' என்று போட்டிருக்கிறேன். அட்டவணையைப் பயனர் யாரும் பார்க்கமாட்டார்கள். ஐயா இதை வெற்றியாக எடுத்துக்கொள்வதும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதும் அவர் விருப்பம்.

---

அனுப்புநர்: பழைய வானொலி
சனி, காலை 5:00

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். வினா ஒருபோதும் கலைச்சொல் ஆகாது.

மேலும், 'இரண்டிலும்' என்பதில் உள்ளது முற்றும்மை. எண்ணும்மை அன்று. வாத்தியார் திருத்திக்கொள்ள வேண்டும்.