ஆறாயிரம் சொல்லை உருப்போடுவதா, பத்தி பத்தியாக வாசிப்பதா? தைவான், சீன மேல்நிலை மாணவர்களின் ஆங்கிலம்

சிஞ்சுவாசி:
தைவானில் சிஞ்சு நகரில் ஆய்வு வேலையில் இருக்கிறேன். கீழ்வீட்டுப் பெண் மேல்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த வகுப்பில் ஜனவரி மாதம் ஜிசாட், அதாவது பல்கலைக்கழகம் போவதற்கான பொதுத்தேர்வு. கொஞ்சம் ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள் என்று அவள் அம்மா கேட்டார்.

இங்கே தேர்வு மையமே ஒரு சொல் பட்டியல் வெளியிடுகிறது. ஆறு நிலை, மொத்தம் ஏறக்குறைய 6000 சொல். பழைய பட்டியலில் 6480 இருந்ததால் கடைப் புத்தகங்களின் அட்டையில் இன்னும் "7000" என்றே போட்டிருக்கும். அந்தப் பெண் அதைத்தான் தினமும் உருப்போடுகிறாள். காலையில் வகுப்பில் அதற்கு ஒரு குட்டித் தேர்வு, மாலையில் பூஷிபானில் (இங்கே டியூஷன் சென்டருக்கு அதுதான் பெயர்) இன்னொன்று.

அவள் வாசிப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு பத்தியில் பாதிச் சொற்களுக்கு மேலே பென்சிலால் சீன எழுத்தில் பொருள் எழுதியிருந்தாள். பவளப்பாறை பற்றிய பத்தி. "சரி, பாறை வெளுத்துப்போக எது காரணம் என்கிறார்கள்?" என்று கேட்டேன். எந்தச் சொல்லைத் தொட்டாலும் பொருள் சொல்கிறாள், ஆனால் எது எதைச் செய்தது என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

வினாத்தாளைப் பாருங்கள். 100 மதிப்பெண்ணில் நேரடியாகச் சொல் கேட்பது 10 மட்டும். பத்தியை வாசித்து எழுதும் பகுதிகள், அதாவது கோடிட்ட இடம், வாக்கியம் பொருத்துவது, வாசிப்பு வினாக்கள், 2022-இல் புதிதாகச் சேர்ந்த கலவை வினா, எல்லாம் சேர்ந்து 62. பத்து மதிப்பெண்ணுக்கு இரண்டு வேளைத் தேர்வு, அறுபத்திரண்டுக்கு மீதி நேரம். இந்தப் பட்டியலை மூடி வைத்துவிட்டு வாசிக்கச் சொல்லலாம் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

குவாங்சோ குமார்:
இருக்கிறது. சீனாவில் குவாங்சோ நகரில் தனியார் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன்.

அந்த 62 மதிப்பெண் எதனால் ஆனது? சொல்லால்தானே? பத்துக்கு மட்டும்தான் சொல் வேண்டும் என்பது, சாம்பாருக்குத்தான் பருப்பு, அடைக்கு வேண்டாம் என்பது போல இருக்கிறது.

பால் நேஷன் என்ற நியூசிலாந்து அறிஞரின் பெயரை ஆங்கிலம் கற்பிக்கும் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அவரும் ஹூ என்பவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உதவியில்லாமல் ஒரு கதையை ஓரளவு சரியாகப் புரிந்துகொள்ள அதில் 98 சதவீதச் சொல் முன்பே தெரிந்திருக்க வேண்டும். 300 சொல் உள்ள பக்கத்தில் தெரியாதது ஆறுக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கு. உங்கள் கீழ்வீட்டுப் பெண் பென்சிலால் பாதிப் பத்தியை நிரப்பியிருக்கிறாள் என்றால் அவளுக்குச் சொல் போதவில்லை. அந்த நிலையில் "வாசி, தானாக வரும்" என்று சொன்னால் என்ன வரும்? தூக்கம் வரும்.

இன்னொன்று. ஒரு பிரெஞ்சுக்காரப் பையனுக்கு ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கான சொல் ஓசியில் கிடைக்கிறது, இரண்டு மொழிக்கும் அவ்வளவு பொதுச்சொல். நம் ஊர்ப் பையன் பள்ளியில் சுமாராகப் படித்தாலும் பஸ், டிக்கெட், பேலன்ஸ், டிஸ்கவுண்ட் என்று தெருவிலேயே பொறுக்கிக்கொள்கிறான். சீனப் பிள்ளைக்கு இந்த இரண்டும் கிடையாது. வீட்டில், கடையில், போனில், எல்லாமே சீனம். வகுப்பில் கிடைப்பது மட்டும்தான் அவனுக்கு ஆங்கிலம். அவனிடம் பட்டியலையும் பிடுங்கிவிட்டு என்ன கொடுப்பீர்கள்?

எட்டுக்கால்:
98 சதவீதம் தெரிந்தால்தான் வாசிக்கலாம், வாசித்தால்தான் சொல் தெரியும். அப்போ யாருமே தொடங்க முடியாது. நல்லாயிருக்கு.

குவாங்சோ குமார்:
அதற்குத்தான் பட்டியல் என்கிறேன், எட்டுக்கால். முதல் படி ஏறிவிட்டு அப்புறம் வாசிக்கட்டும். சீனாவின் 2017 பாடத்திட்டத்திலும் அப்படித்தான்: ஒன்பதாம் வகுப்பு வரை 1500 சொல், மேல்நிலையில் எல்லாருக்கும் இன்னும் 500, பல்கலைக்குப் போகிறவர்களுக்கு மேலும் 1000. ஆக 3000. எழுத்தில் இருக்கும் கணக்கு. மாணவன் எங்கே நிற்கிறான் என்று அவனுக்கே தெரியும்.

பினாங்கு தேவி:
குமார் அண்ணா, படி ஏறட்டும், சரி. ஆனால் எண்ணிக்கையைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. பினாங்கில் சீனத் தனியார் மேல்நிலைப் பள்ளியில் வேலை செய்கிறேன், பாடமொழி சீனம். சொல் நிறையத் தெரிந்த பிள்ளைகளும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு: நீள வாக்கியம்.

சீனத்தில் ஒரு பெயரைப் பற்றிய விளக்கம் எல்லாம் பெயருக்கு முன்னாலேயே வந்துவிடும். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்து நிற்கும், விளக்கம் பின்னால் ஒன்றரை வரி ஓடும், அதற்கும் பிறகுதான் முக்கிய வினைச்சொல் தலைகாட்டும். பிள்ளைகள் அந்த வினையைத் தவறவிட்டு, நடுவில் வந்த ஏதோ ஒரு வினையைப் பிடித்துக்கொள்கிறார்கள். போதாக்குறைக்குச் சீனத்தில் வினைக்குக் கால விகுதி கிடையாது. சொல்லின் வாலில் ஒட்டியிருக்கும் ஓரெழுத்து, ஈரெழுத்தைக் கண் கவனிக்காது. சிஞ்சு அண்ணா சொன்ன பெண்ணுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். பவளம் வெளுப்பதற்குக் காரணம், பொருள் எழுதாத சின்னச் சொற்களுக்கு நடுவில் கிடந்திருக்கும்.

மணப்பாறை வாத்தியார்:
பணி ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியன். தேவி சொன்னது நமக்கு நன்றாகப் புரிய வேண்டும். தமிழிலும் அதே கதைதானே: "நேற்று ரயிலில் பார்த்த, சிவப்புக் குடை வைத்திருந்த பெண்". எல்லாப் பெயரெச்சமும் முன்னால், பெண் கடைசியில். என் மாணவர்களுக்கு ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்து, முதலில் முக்கிய வினைக்கு மட்டும் அடிக்கோடு போடச் சொல்வேன். பிறகு அது யார் செய்த வேலை என்று தேடு. அதற்கப்புறம்தான் அகராதி. சீனப் பிள்ளைகளுக்கும் இது பலிக்கும் என்றே நினைக்கிறேன்.

எட்டுக்கால்:
வாத்தியாரே, சீனத்தில் வினை நடுவில் வரும், நமக்குக் கடைசியில். அவர்களுக்குப் பாதிச் சிரமம்தான்.

மணப்பாறை வாத்தியார்:
பாதி என்றாலும் சிரமம்தானே தம்பி.

சிஞ்சுவாசி:
வாத்தியார் சார் சொன்ன அடிக்கோட்டை நேற்றே போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு பத்தியில் பென்சில் எழுத்து இல்லாமலேயே காரணத்தைப் பிடித்துவிட்டாள். தெரியாத சொல் அப்போதும் தெரியாமல்தான் இருந்தது, குமார்.

இங்கே வினாத்தாளில் சீன வாக்கியத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வினா ஒன்று உண்டு. இரண்டே வாக்கியம், 8 மதிப்பெண். அதிலும் அவள் சொற்களை எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு வரிசையைச் சீனப்படி வைக்கிறாள்.

குவாங்சோ குமார்:
ஒரு பத்தி பலித்ததை வைத்துக் கட்சி கட்ட வேண்டாம். வாக்கிய அமைப்பு முக்கியம் என்பதை நான் எப்போது மறுத்தேன்? பட்டியலை மூடு என்பதைத்தான் மறுக்கிறேன்.

எங்கள் பக்கத்து காவ்காவ், அதாவது சீனாவில் பல்கலைக்கழகம் போவதற்கான பொதுத்தேர்வையே பாருங்கள். ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். அதில் 25, பாதியில் நிற்கும் கதையைத் தொடர்ந்து எழுதுவதற்கு, ஏறக்குறைய 150 சொல்லில். 2024-இல் பல மாகாணங்களுக்கு வந்த கதை இது: புயலால் விமானம் தாமதம், வியன்னாவில் இறங்கியவர் பிராகாவுக்கான கடைசிப் பேருந்தைப் பிடிக்க டாக்ஸியில் ஓடுகிறார், கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை, கையில் காசில்லை, திரும்பி வரும்போது தருகிறேன் என்று ஓட்டுநரிடம் வாக்குக் கொடுக்கிறார். தொடர்ந்து எழுத வேண்டியது இரண்டு பத்தி, இரண்டுக்கும் முதல் வரியைக் கொடுத்துவிடுவார்கள். மூச்சு வாங்குவது, தயங்குவது, நெகிழ்வது, காசை நீட்டுவது, இதற்கெல்லாம் வினைச்சொல் கையில் இல்லாதவன் என்ன எழுதுவான்? "மிகவும் மகிழ்ந்தேன், மிகவும் மகிழ்ந்தேன்" என்றுதான் எழுதுவான். நான் திருத்தும் பயிற்சித்தாள்களில் அதுதான் நிறைந்து கிடக்கிறது. கையெழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். ஸ்கேன் செய்து திரையில் திருத்துவதால் உருண்டை உருண்டையாக எழுதப் பழக்குகிறார்கள். ஹெங்ஷுய் பாணி என்று அதற்குப் பெயரே உண்டு. உள்ளே சரக்கு இருக்காது.

பினாங்கு தேவி:
அண்ணா, நீங்களே எனக்கு வாதம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். அந்த மாணவன் பட்டியலில் 3000 சொல் உருப்போட்டவன்தானே? மூச்சு வாங்குவதற்கான சொல்லும் அவனுக்குத் தெரிந்திருக்கும். எழுதும்போது கைக்கு வரவில்லை, ஏனென்றால் யாராவது மூச்சு வாங்கிய ஒரு கதையில் அவன் அதைச் சந்திக்கவே இல்லை. பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரு சீனப் பொருள். தேர்விலோ தெரிந்த சொல்லையே தெரியாத பொருளில் கேட்பார்கள். "அட்ரஸ்" என்றால் முகவரி என்று படித்தவன், சிக்கலை "அட்ரஸ்" செய்வதைப் பார்த்து முழிப்பான்.

நான் செய்வது இதுதான். எளிமைப்படுத்திய கதைப் புத்தகங்கள், பக்கத்துக்கு நாலைந்து புதுச்சொல்லுக்கு மேல் இல்லாதவை, வீட்டுக்கு. அதில் வரும் சொல் மட்டும் அட்டையில். அட்டையில் சொல் தனியாக இருக்கக் கூடாது, கதையில் வந்த வாக்கியம் முழுக்க இருக்க வேண்டும். மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியல் அறிஞர் 1885-இல் சொன்ன மறதிக் கணக்குத்தான், அன்கி செயலியில் போட்டால் அதுவே நாள் பார்த்துக்கொள்ளும். பட்டியலை எடுப்பது மாதக் கடைசியில், எது விட்டுப்போனது என்று சரிபார்க்க.

குவாங்சோ குமார்:
வகுப்பில் ஐம்பது பேர். ஐம்பது பேருக்கும் தனித்தனி அட்டையை யார் சோதிப்பது? பட்டியல் என்றால் எல்லாருக்கும் ஒரே தேர்வு, பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆசிரியரின் நிலையையும் கொஞ்சம் பாருங்கள் தேவி.

பினாங்கு தேவி:
அது ஆசிரியருக்கு வசதி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். மாணவனுக்கு நல்லது என்று சொல்லாதீர்கள்.

மணப்பாறை வாத்தியார்:
தைவானில் ஆங்கிலம் கற்க ஒரு மாத இதழ் உண்டு, வானொலியிலும் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது இன்னும் வருகிறதா?

சிஞ்சுவாசி:
ஸ்டூடியோ கிளாஸ்ரூம், சார். 1962-இல் வானொலியில் தொடங்கியது. எளிது, நடுத்தரம், உயர்நிலை என்று மூன்று இதழ். நடுத்தரத்தை வாங்கிக் கொடுத்தேன். ஒரு கட்டுரையை முதலில் ஒலியில் கேட்பது, பிறகு அடிக்கோடு, அதற்குப் பிறகுதான் அட்டை. தேவி சொன்னபடி வாக்கியத்தோடு எழுதுகிறாள், சிரமப்பட்டாலும் எழுதுகிறாள். பூஷிபான் சொல் தேர்வை நிறுத்தலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். பருவம் முழுக்கப் பணம் கட்டியாகிவிட்டது, நிறுத்த முடியாது என்கிறார்.

குவாங்சோ குமார்:
நிறுத்த வேண்டாம். கட்டிய பணத்துக்காகச் சொல்லவில்லை. ஆறு நிலையில் நான்காம் நிலை வரை அவள் முடித்துவிட்டாளா, அதை முதலில் சொல்லுங்கள். முடிக்கவில்லை என்றால் இந்த இதழிலும் பென்சில் எழுத்து கூடிக்கொண்டே போகும்.

பினாங்கு தேவி:
போனால் எளிது இதழுக்கு இறங்கட்டுமே அண்ணா, அதுதானே மூன்று நிலையாகப் போட்டிருக்கிறார்கள்.