சிமென்டேஷன்: ‘இடப்பெயர்ச்சிப் படிவு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தாமிரக் கரைசலில் இரும்பைப் போட்டுத் தாமிரத்தைத் தூளாக இறக்குவதை உலோகவியலார் சிமென்டேஷன் என்கிறார்கள். ‘சிமென்ட்டாக்கம்’ என்றால் கட்டடம்தான் நினைவுக்கு வரும். இரும்பைக் கரித்தூளில் புதைத்துச் சூடேற்றி எஃகாக்கிய பழைய முறைக்கும் இதே ஆங்கிலப் பெயர்தான். சிலர் சொல்லும் ‘வீழ்படிவாக்கம்’ இன்னும் சிக்கல்.

ஏன் என்று ஒரு சோதனையில் பார்க்கலாம். 25 கிராம் மயில்துத்தத்தை (நீரேறிய தாமிர சல்ஃபேட்) கால் லிட்டர் நீரில் கரைத்து, கந்தக அமிலம் சொட்டுச்சொட்டாக விட்டு பிஹெச் 2 அளவில் நிறுத்துங்கள். 5.6 கிராம் இரும்புத்தூளுக்குக் கணக்குப்படி 6.35 கிராம் தாமிரம் இறங்கும். இரும்பின் மின்முனை அழுத்தம் −0.44 வோல்ட், தாமிரத்துக்கு +0.34, வினையை நடத்துவது இந்த 0.78 வோல்ட் இடைவெளி. அமிலம் குறைந்து பிஹெச் 3-ஐத் தாண்டினால், காற்றுப்பட்ட இரும்பயனி பழுப்பு ஹைட்ராக்சைடாக இறங்கித் தூளைக் கெடுக்கும். வீழ்படிவு என்பது அந்தப் பழுப்புதான். சரக்குக்கும் அதைக் கெடுக்கும் கசடுக்கும் ஒரே பெயர் வைக்கலாமா?

அமிலம் கூடினாலும் நட்டம்: இரும்பு ஹைட்ரஜனை வெளியேற்றியே கரைந்து தீரும். சுரங்கக் கரைசலில் ஃபெரிக் அயனியும் (மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பு) இரும்பைத் தின்னும். கிலோ தாமிரத்துக்கு 0.88 கிலோ இரும்பு என்பது ஏட்டுக்கணக்கு. ஆலையில் ஒன்றரை முதல் இரண்டரை கிலோ வரை போகும்.

என் பரிந்துரை: இடப்பெயர்ச்சிப் படிவு. தமிழகத்தில் வினை, இலங்கையில் தாக்கம் என்றாலும் ‘இடப்பெயர்ச்சி’ இரு பாடநூல்களிலும் உண்டு.

---

ஐயா, சொல்லை ஏற்கிறேன். ஆனால் தூளையும் படலத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

நீர்த்த கரைசலில் ஆணியைக் கலக்காமல் முக்கினால் செம்படலம் ஒட்டிக்கொள்ளும். அடியிலுள்ள இரும்பைக் கரைசல் எட்டாது, வினை தளரும். செறிந்த கரைசலை வேகமாகக் கலக்கினால் படிவு கிளைகிளையாக வளர்ந்து உதிரும், புது இரும்பு வெளிப்படும். முதலாவது அமிழ்முலாம், இரண்டாவது படிவுத்தூள் எனலாம். தூளில் தங்கிய இரும்பை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, நீரிலும் பிறகு ஆல்கஹாலிலும் கழுவி உடனே உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்டால் கறுத்துவிடும்.

தங்கச் சயனைடுக் கரைசலில் துத்தநாகத் தூளிடும் மெரில்–குரோ முறைக்கும் சொல் பொருந்துகிறது. அங்கே வெற்றிடத்தில் ஆக்சிஜனை நீக்கிய பிறகே தூளிடுவார்கள். இல்லையேல் படிந்த தங்கம் திரும்பக் கரையும். ஆகவே ‘இரும்பு’, ‘தாமிரம்’ என்று குறிக்காமல் கலைச்சொல் அகராதிப் பதிவை இப்படி எழுதலாம்:

இடப்பெயர்ச்சிப் படிவு (பெ.): கரைசலிலுள்ள உலோக அயனியை, அதைவிட எளிதில் ஆக்ஸிஜனேற்றமடையும் உலோகத்தால் ஒடுக்கி (எலக்ட்ரான் ஏற்கச் செய்து), உலோகமாகவே படியச் செய்தல். வினைவடிவம்: இடப்பெயர்ச்சியால் படிவித்தல்.