மறு: பிட்ச்பிளெண்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிட்ச்பிளெண்ட் என்ற கரிய யுரேனியத் தாதுவுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில் ஒருவர் கேட்டது:

> ‘யுரேனியத் தாது’ என்றே வைத்துக்கொண்டால் என்ன?

போதாது என்பேன். மஞ்சளாக இருக்கும் கார்னோட்டைட்டும் யுரேனியத் தாதுதான். ‘கதிர்க்கல்’ என்றாலும் இதே சிக்கல்; மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமமும் தோரியத்தால் கதிர் வீசுகிறதே.

கல்லூரி நிலவியல் கூடத்தில் பிட்ச்பிளெண்ட் துண்டு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால், திராட்சைக் குலைபோல் உருண்டை உருண்டையாக, காய்ச்சி ஆறவிட்ட தார் மாதிரி மினுங்கியது. பெயரின் முதற்பாதி அந்தத் தோற்றம்தான். ஜெர்மனில் இதன் பெயர் ‘பெஹ்பிளெண்டெ’; ‘பெஹ்’ என்றால் கீல். தோணிப் பலகை இடுக்கில் அடைக்கிறோமே, அந்தக் கீல்.

பின்பாதியை விட்டுவிடக் கூடாது. ‘பிளெண்டன்’ என்றால் கண் கூசவைப்பது, ஏமாற்றுவது. பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின்) யோவாக்கிம்ஸ்தாலில் வெள்ளி தோண்டியவர்களுக்கு இந்தக் கல் ஓர் ஏமாற்று. கையில் எடுத்தால் நல்ல கனம்; உருக்கினால் அவர்கள் அறிந்த உலோகம் எதுவும் வராது. 1789-இல் ஜெர்மன் வேதியியலார் கிளாப்ரோத் இதில் ஒரு புதுத் தனிமம் இருப்பதைக் கண்டு, யுரேனஸ் கோளின் பெயரை அதற்கு இட்டார். அத்தோடு முடியவில்லை. மேரி கியூரி அளந்து பார்த்தபோது, அதிலுள்ள யுரேனியத்துக்கு இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு! 1898-க்குள் பொலோனியமும் ரேடியமும் அதில் இருப்பது தெரிந்துவிட்டது. சுரங்கத்தாரையும் வேதியியலாரையும் மயக்கிய கல்லுக்கு, அந்த மயக்கம் பெயரிலேயே நிற்கட்டும்.

ஒன்றை இன்னொன்றாக எண்ணிவிடுவதற்கு நம்மிடம் ‘மருள்’ இருக்கிறது. ஆகவே கீல்மருள். ஈயத்தாதுபோல் காட்டி ஈயம் தராத சிங்க் பிளெண்ட் என்ற துத்தநாகத் தாது ‘துத்தநாகமருள்’, ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமம் ‘கொம்புமருள்’ என்று ஒரே வரிசையில் வந்துவிடும்.

‘கீல்’ என்றதும் கீல்வாதம் நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கலாம். ‘நிலக்கீல்’ ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் இது ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறேன். யுரேனினைட் என்பது இந்தக் கல்லின் கனிமப் பெயர். அது அப்படியே இருக்கட்டும். அதன் திரளான கரிய வகைக்கு மட்டும்தான் கீல்மருள்.

ஒரு வரியில் வைத்துப் பார்த்தேன்: ‘டன் கணக்கான கீல்மருள் கழிவைக் காய்ச்சி, 1902-இல் கியூரி இணையர் பிரித்தெடுத்த ரேடியம் குளோரைடு 0.1 கிராம்.’ எனக்கு இடறவில்லை. நீங்களும் வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்